வடிகாலில் போன புளிப்பு

போன மாதம் என் பழைய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஸ்ரீபர்ணா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இப்போது ஆலையின் இயக்கக் கையேட்டைத் திருத்தி எழுதும் பொறுப்பு அவளிடம். எல்லா அளவுகளையும் கருவிகளே எடுத்துத் திரையில் காட்டும்படி மாற்றுகிறார்களாம். பழைய கையேட்டில் வேண்டாததை எல்லாம் நீக்க வேண்டுமாம்.

"சொம்பா-தி, பதினோராம் பக்கத்துல ஒரு வரி இருக்கு. 'வாரம் ஒருமுறை பின்பக்க வடிகாலின் சிமெண்டைப் பார்க்கவும்.' வேற எதுவும் போடல. இது எதுக்கு? எடுத்துடலாமா?" என்று கேட்டாள்.

"எடுத்துடு. கருவி வந்தப்புறம் எதுக்கு அது" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. வரி போகட்டும், அது எப்படி வந்தது என்பதாவது எங்கேயாவது இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என் பெயர் செண்பகம். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து கிடர்பூர் துறைமுகத்தில் கிரேன் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தார். நான் பிறந்ததும் படித்ததும் கல்கத்தாவில்தான். வங்காளிகள் செண்பகப்பூவைச் சொம்பா என்பார்கள். ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் சொம்பா ஆனேன். வயசு ஏறியதும் சொம்பா-தி, அதாவது சொம்பா அக்கா. என் வீட்டுக்காரருக்கு இது தீராத வேடிக்கை. "சொம்பு ஆபீசுக்குக் கிளம்பியாச்சா?" என்றுதான் காலையில் கேட்பார்.

பி.எஸ்ஸி. முடித்ததும் டாலிகஞ்சில் ஒரு இழைக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் ஐந்து வருஷம் குடுவை கழுவினேன், தராசு துடைத்தேன், மாலை வகுப்பில் எம்.எஸ்ஸி. படித்தேன். குடுவையைச் சரியாகக் கழுவத் தெரிந்தவள் என்று பெயர் எடுத்தேன். ரசாயனத்தில் அது சின்னப் பெயர் இல்லை.

எங்கள் தொழில் செல்லுலோஸ். பருத்தி, சணல், மரம், காகிதம் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். லேசில் எதிலும் கரையாது. கரைவதாக இருந்தால் வேட்டியைத் துவைத்துக் காயப்போட முடியுமா? ஆனால் மரக்கூழை நூலாக்க வேண்டும் என்றால் அதைக் கரைத்தே ஆக வேண்டும். பாகு போலக் கரைத்து, மிக நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீருக்குள் பிழிந்தால், இடியாப்பம் மாதிரி இழை இழையாக இறங்கும். பழைய முறையில் இதற்கு ஒரு கந்தகத் திரவம் தேவை. அழுகின முட்டைக்கோசு வாடை அடிக்கும். வாடை போகட்டும், வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுக்கம் வரும். அப்படிக் கை நடுங்கினவர்களை நான் பார்த்திருக்கிறேன். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார்கள்.

அதற்கு மாற்றாகத்தான் அயனிக் கரைப்பான் வந்தது. அதுவும் ஓர் உப்புதான். ஆனால் கல்லாக இருக்காது, லேசான சூட்டிலேயே எண்ணெய் போல உருகி நிற்கும். வலுவான ஒரு காரமும் ஓர் அமிலமும் சரிக்குச் சரி சேர்ந்து உண்டாவது. நாங்கள் எடுத்துக்கொண்ட அமிலம் வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலம். வாடை இல்லை, தீப்பிடிக்கும் பயம் இல்லை, மரக்கூழைப் போட்டால் கரைத்துவிடும். ஆனால் செய்வதற்கு அரிய சரக்கு. ஒருமுறை பயன்படுத்தியதை வீணாக்காமல் திரும்ப எடுத்து, மறுபடி மறுபடி பயன்படுத்தினால்தான் கட்டுபடியாகும். அப்படிப் பயன்படுத்தும்போது அது கெடக் கூடாது. அந்தக் 'கெடக் கூடாது' என்பதில்தான் என் உத்தியோகத்தின் கடைசிப் பதினைந்து வருஷம் போயிற்று.

எங்கள் தலைவர் கோஷால் ஸார். ஒல்லியான, உயரமான மனிதர். சட்டைப்பையில் பென்சில்தான் இருக்கும். பேனாவால் எழுதினால் நமக்கே நம் மேல் நம்பிக்கை வந்துவிடும் என்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் எல்லோருடைய குறிப்பேட்டையும் வாங்கிக்கொள்வார். பால் விடாத தேநீர் ஒரு டம்ளர் பக்கத்தில் இருக்கும். வரி விடாமல் படிப்பார். 'நிலையானது' என்று எங்கே எழுதியிருந்தாலும் அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு கேள்வி: எதற்கு எதிராக? எத்தனை நேரம்?

பதில் எழுதிக் கொடுத்தால் வட்டத்தை ரப்பரால் அழித்துவிடுவார். பதில் இல்லை என்றால் வட்டம் அப்படியே நிற்கும். மாசக்கணக்கில் நிற்கும். அவர் ஒரு வார்த்தை திட்ட மாட்டார். அந்த வட்டம் பல்லிடுக்கில் மாட்டின பாக்குத் துண்டு போல உறுத்திக்கொண்டே இருக்கும்.

எங்கள் வேலைமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் முதல் வேலை மரக்கூழை அடுப்பில் உலர்த்துவது. கல்கத்தா மழைக்காலத்தில் கூழ் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். ஆகவே மூடி போட்ட கண்ணாடிச் சிமிழோடு சேர்த்துத்தான் எடைபோடுவோம். கரைப்பானை ஒரு குடுவையில் சூடாக்கி, கூழைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் கலக்குவோம். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் ரவை உப்புமா மாதிரி கட்டி தட்டிவிடும். பத்து நிமிஷத்துக்கு ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்போம். அந்த நுண்ணோக்கியில் மேலும் கீழும் ஒவ்வொரு வடிகட்டிக் கண்ணாடி உண்டு. இரண்டையும் குறுக்காகத் திருப்பினால் பார்வை முழுக்க இருட்டாகிவிடும். கரையாத இழை இருந்தால் அது மட்டும் அந்த இருட்டில் வெள்ளிக் கம்பி போல மின்னும். எல்லாம் கரைந்துவிட்டால் வெறும் இருட்டு. புதிதாக வருகிறவர்கள் மின்னுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். நாங்கள் இருட்டைப் பார்த்துத்தான் சந்தோஷப்படுவோம்.

அடுத்தது பாகு பதம் பார்ப்பது. நீளமான கண்ணாடிக் குழாயில் பாகை ஊற்றி, ஒரு சின்ன எஃகுக் குண்டைப் போடுவோம். குழாயில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஒன்றைக் கடந்து மற்றதைத் தொட எத்தனை விநாடி என்று கடிகாரத்தில் பார்ப்போம். குண்டு மெதுவாக இறங்கினால் செல்லுலோஸின் சங்கிலி அறுபடாமல் நீளமாக இருக்கிறது. வேகமாக விழுந்தால் எங்கோ அறுந்துவிட்டது. ஒரே குண்டைத்தான் எப்போதும் போடுவேன். ஒவ்வொரு முறையும் கழுவி, துடைத்து, பஞ்சில் வைத்துப் பூட்டுவேன்.

பல வகைக் காரங்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒன்று அமைந்தது. கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கூழ் அரை மணியில் கரைந்து இருட்டானது. அதை எடுத்து அடுப்பில் வைத்துச் சூட்டிலேயே விட்டுவைத்தேன். நிறம் மாறவில்லை, குண்டின் விநாடி மாறவில்லை. அறிக்கையில் 'நிலையானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை வட்டம் வந்தது. நாங்கள் பேசிக்கொள்வது வங்காளத்தில். இங்கே தமிழில் தருகிறேன்.

"எதுக்கு எதிரா, சொம்பா?"

"சூட்டுக்கு, ஸார்."

"எத்தனை நேரம்?"

"பத்து நாள். உலர்ந்த குடுவையில வச்சுப் பார்த்தேன்."

 அவர் ரப்பரை எடுத்து வட்டத்தை அழித்தார். 'உலர்ந்த' என்ற அந்த வார்த்தையைச் சொன்ன நானும் யோசிக்கவில்லை, கேட்ட அவரும் யோசிக்கவில்லை.

கம்பெனிக்குக் கிடர்பூரில் ஒரு பழைய சரக்குக் கிடங்கு இருந்தது. அதைச் சுத்தம் செய்து, சின்ன அளவில் ஆலை மாதிரி அமைத்தார்கள். கரைக்கும் தொட்டி, இழை பிழியும் இயந்திரம், இழை இறங்கும் தண்ணீர்த் தொட்டி. இழை போன பிறகு தண்ணீரோடு கலந்து நிற்கும் கரைப்பானை மீட்க ஓர் எவாப்பரேட்டர்: ஆள் உயர எஃகுப் பாத்திரம். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு இளஞ்சூட்டில் வைத்தால் தண்ணீர் ஆவியாகிப் பின்பக்கக் குழாய் வழியாகக் குளிர்ந்து வடிகாலில் போகும். கரைப்பான் தேன் போலக் கெட்டியாகி அடியில் நிற்கும். அதை ஓட்டுகிறவர் மரியதாஸ். அவருடைய தாத்தா தூத்துக்குடியிலிருந்து கப்பல் வேலைக்கு வந்தவர். மூன்று தலைமுறையாகக் கிடர்பூர்தான். தமிழ் பேசுவார், எழுதத் தெரியாது. என்னைவிட இரண்டு வயசு சின்னவர். மற்றவர்கள் முன்னால் மேடம், தனியாக இருந்தால் அக்கா.

முதல் தடவை இழை இறங்கிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பட்டுப் போல மினுமினுவென்று வந்தது. ஆலை மேனேஜர் தத்தா ஒரு பெரிய மண்சட்டி நிறைய ரசகுல்லா வாங்கி வந்தார். இரண்டாம் தடவையும் சரி, மூன்றாம் தடவையும் சரி. மீட்ட கரைப்பானையே திரும்பத் திரும்பப் போட்டோம். நான்காம் தடவை பாகு கலங்கலாக இருந்தது. ஐந்தாம் தடவை கூழ் ஊறியதே தவிரக் கரையவில்லை. துளைகள் அடைத்துக்கொண்டன. ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். தீபாவளி மத்தாப்புப் போல அத்தனையும் மின்னியது.

கூழ் சரியில்லை என்றார்கள். மழை ஈரம் என்றார்கள். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தோம். டாலிகஞ்சில் என் குடுவையில் செய்தால் பத்து தடவையும் நன்றாக வந்தது. கிடர்பூரில் ஐந்தாம் தடவை கெட்டது. இதற்கிடையில் மூன்று வாரத்தில் டைரக்டர் வந்து பார்ப்பதாக இருந்தது. அவருக்குத் திருப்தியானால் பெரிய ஆலை கட்ட உத்தரவு. இல்லை என்றால் கிடங்கு மறுபடியும் சரக்குக் கிடங்கு. மரியதாஸும் மற்ற ஐந்து பேரும் வேறு வேலை தேட வேண்டும்.

தத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோயிருந்தார்.

"சொம்பா-தி, அன்னிக்கு ஒரு நாள் புது டிரம்மைத் திறந்து ஊத்திடுவோம். ஆறாவது தடவைன்னு சொல்லிக்கலாம். உத்தரவு கையில வந்தப்புறம் நிதானமா கோளாறைக் கண்டுபிடிக்கலாம். உங்க ரிப்போர்ட்டும் 'நிலையானது'ன்னுதானே சொல்லுது?"

கோஷால் ஸாரிடம் போய்ச் சொன்னேன். வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுவார், எனக்குப் பாரம் குறையும் என்று நினைத்தேன். அவர் பென்சிலை மேஜையில் உருட்டிக்கொண்டே, "அறிக்கையில இருக்கிறது உங்க கையெழுத்து. நீங்க முடிவு பண்ணுங்க. நீங்க என்ன சொன்னாலும் நான் பக்கத்துல நிற்பேன்" என்றார்.

அன்றைக்கு இரவு சாப்பிட உட்கார்ந்தோம்.

"எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றார் வீட்டுக்காரர். சொன்னேன். ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

"நாளைக்கு உங்க டைரக்டரு பெரிய ஆலையே கட்டிட்டாருன்னு வையி. அப்புறம் கெட்டுப்போனா யாரக் கூப்பிடுவாங்க?"

"என்னையத்தான்."

"அப்ப இப்பவே அவருகிட்ட போயிரு. இப்பன்னா நீயா நடந்து போவலாம். அப்ப இழுத்துட்டுல்லா போவாங்க."

மறுநாள் டல்ஹவுசியில் இருந்த தலைமை அலுவலகத்துக்குக் கோஷால் ஸாரும் நானும் போனோம். டைரக்டருடைய மேஜை எங்கள் ஆய்வு மேடையைவிடப் பெரிது. நான் என் அறிக்கையை எடுத்து வைத்து, "இது பாதிதான் உண்மை, ஸார். உலர்ந்த சூட்டில் கெடாது. மீட்டு எடுக்கும்போது கெடுகிறது. ஏன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வார்த்தை தவறக் கூடாது என்று மெட்ரோவில் ஐந்து தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். "உங்களை யாரும் இதைக் கேட்கலையே?"

"கேட்கிற நாள்ல சொன்னா நேரம் இருக்காது, ஸார்."

அவர் கோஷால் ஸாரைப் பார்த்தார். கோஷால் ஸார் தன் நாற்காலியை என் நாற்காலிப் பக்கம் ஒரு சாண் நகர்த்திப் போட்டுக்கொண்டார். டைரக்டர் சுவரில் இருந்த காலண்டரைத் திருப்பி, "துர்கா பூஜை வரைக்கும். அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது" என்றார். வெளியே வந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல பசி. நடைபாதைக் கடையில் ஆளுக்கு நான்கு லூச்சிப் பூரியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு தினமும் காளிகாட்டிலிருந்து பஸ் பிடித்துக் கிடர்பூர் போனேன். ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு எவாப்பரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கூரை ஒழுகும், குடையும் விரித்துக்கொள்வேன். அது ஒன்பது மணி நேரம் ஓடும். மணிக்கு ஒரு சின்னப் புட்டியில் மாதிரி எடுத்து, சாயங்காலம் டாலிகஞ்சுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். எங்கள் காரத்தின் மூலக்கூறு ஒரு வளையம். அந்த வளையம் அறுந்துகொண்டிருந்தது. முதல் மூன்று மணி நேரம் ஒன்றுமில்லை. நான்காவது மணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுந்தது. அறுந்த வளையம் கூழைக் கரைக்காது. எப்போது கெடுகிறது என்று தெரிந்துவிட்டது. ஏன் என்பதுதான் தெரியவில்லை.

வெந்நீர்தான் வளையத்தை அறுக்கிறது என்று நினைத்தேன். அதே கரைப்பான், அதே தண்ணீர், அதே சூடு, அதே ஒன்பது மணி நேரம். எல்லாவற்றையும் ஒரு புட்டியில் ஊற்றி இறுக மூடி டாலிகஞ்சில் வைத்துப் பார்த்தேன். ஒரு வளையம்கூட அறுபடவில்லை. எஃகுதான் காரணமோ என்று பாத்திரத்தின் அதே எஃகில் துண்டு வெட்டி உள்ளே போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மூடின புட்டியில் சாதுவாக இருக்கிற சரக்கு, பெரிய பாத்திரத்தில் போனால் ஏன் பாழாகிறது? பூஜைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் நான் டப்பாவைத் திறந்துகொண்டு காற்றுக்காகப் பின்பக்கக் கதவருகே போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அங்க உக்காராதீங்க. புளிச்ச வாடை அடிக்கும். சாப்பிட முடியாது" என்றார் மரியதாஸ். அவர் முன்வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன வாடை? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"இப்ப இருக்காது. மெஷின் போட்டே ரெண்டு மணி நேரந்தான ஆவுது. நாலு மணி நேரம் ஓடணும். அப்புறம்தான் நாலாகிட்ட ஊறுகா ஜாடியத் தொறந்த மாதிரி வரும்." நாலா என்றால் வடிகால்.

என் கையில் இருந்த இட்லி அப்படியே நின்றது. "எத்தன மணி நேரம்னு சொன்னீங்க?"

"நாலு. எனக்கு கடிகாரமே வேண்டாம், அந்த வாடைய வச்சே சொல்லுவேன்." அவர் எழுந்து வந்து கதவைத் திறந்து காட்டினார். "இந்த சிமெண்டப் பாருங்க. போன மாசம் பூசுனது. அதுக்கு முன்னாடி ஒருவாட்டி பூசியாச்சு. மழை அரிச்சிருச்சுன்னு தத்தா சார் சொல்றாரு. மழை முன்பக்கமும்தான பெய்யுது? அங்க அப்படியேதான இருக்கு."

குழாயின் வாய்க்கு நேர் கீழே சிமெண்ட் பொரிந்து, சல்லி வெளியே தெரிந்தது. முன்வாசல் வடிகாலையும் போய்ப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் அந்தக் குழாய்க்கு எதிரே காத்திருந்தோம். நான்காவது மணியில் எனக்கும் தெரிந்தது. சந்தேகமே இல்லாத வினிகர் வாடை. சொட்டுகிற தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து நீல லிட்மஸ் தாளை நனைத்தேன். சிவந்தது. குவளைத் தண்ணீரைச் சிமெண்டில் விட்டேன். பொடிப் பொடியாக நுரை கிளம்பியது.

விஷயம் இவ்வளவுதான். காரமும் அமிலமும் சரிக்குச் சரி கைகோத்து இருக்கும் வரை வளையத்துக்கு ஆபத்து இல்லை. காற்றை உறிஞ்சும் பாத்திரத்தில் தண்ணீரோடு சேர்ந்து அமிலமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி ஓடிவிடுகிறது. துணை போன காரம் தனியாக வெந்நீரில் நிற்கிறது. அப்போதுதான் அது அறுபடுகிறது. மூடின புட்டியில் அமிலம் எங்கே ஓடும்? அதனால்தான் அங்கே ஒன்றும் ஆகவில்லை. டாலிகஞ்சில் தண்ணீரை ஆவியாக்கும்போதும் கொஞ்சம் அமிலம் போயிருக்கும். ஆனால் குடுவை சின்னது, நாற்பது நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். வளையம் அறுபட நேரமே இருந்ததில்லை. குளிர்ந்து சேர்ந்த தண்ணீரை ஒருநாளும் முகராமல் தொட்டியில் கொட்டிவிட்டுக் குடுவையை நன்றாகக் கழுவி வைப்பேன்.

கோஷால் ஸாருக்குப் போன் செய்தேன். டாக்சி பிடித்து வந்தார். பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு வடிகால் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். விரலை நனைத்து முகர்ந்தார். மரியதாஸைப் பார்த்து, "எத்தனை நாளா இந்த வாடை?" என்று கேட்டார்.

"மொத நாள்லேர்ந்தே, ஸார்."

"ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கல, ஸார். சிமெண்டு போச்சுன்னு சொன்னேன். கொத்தனார அனுப்புனாங்க."

கோஷால் ஸார் சிரித்துவிட்டார். இரைந்து, கண்ணில் நீர் வரும்படி அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "உள்ளே நிற்கிறதையே பார்த்துட்டு இருந்தோம், சொம்பா. வெளியே போறதை இவர் ஒருத்தர்தான் பார்த்திருக்கார்" என்றார்.

காரணம் தெரிந்துவிட்டது என்பதால் வேலை முடிந்துவிடவில்லை. போகிற அமிலத்தைத் திரும்பச் சேர்த்தால் போதும் என்று மொத்தமாக ஊற்றினேன். வளையம் தப்பித்தது, ஆனால் அமிலம் மிஞ்சிப்போய்க் கூழ் கரைய மறுத்தது. மறுபடியும் மத்தாப்பு. குறைத்து ஊற்றினால் ஏழாவது மணியில் அறுந்தது. கடைசியில் மணிக்கு மணி எவ்வளவு வெளியே போகிறது என்று வடிகால் தண்ணீரை அளந்து, அதே அளவை ஒரு சின்னப் புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டோம், எப்போதும் ஒரு துளி புளிப்பு மேலே இருக்கும்படி. சொட்டை எண்ணுவது நான், வால்வைத் திருகுவது மரியதாஸ். "அக்கா, வாடை ஏறுது, கொஞ்சம் தொறக்கவா?" என்று என் அளவு வருவதற்கு முன்பே சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஐந்தாம் தடவை வந்தது. நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தேன். இருட்டு. ஆறு, ஏழு, எட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. மகாளய அமாவாசைக்கு முந்தின நாள் பத்தாவது தடவை முடிந்தது. குண்டு முதல் நாள் இறங்கிய அதே நிதானத்தில் இறங்கியது. கெட்டுப்போன பழைய டிரம்களைக்கூடத் தண்ணீர் போக உலர்த்தி நெடுநேரம் சூட்டில் வைத்தால், அறுந்த வளையங்களில் பாதிக்கு மேல் தாமாகவே மூடிக்கொள்கின்றன என்று பின்னால் கண்டுகொண்டோம்.

பூஜைக்கு நான்கு நாள் இருக்கும்போது டைரக்டர் வந்தார். டிரம்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை தடவை ஓடியது என்று எழுதி ஒட்டியிருந்தேன். "எதுல செய்யணும்னு நீங்களே சொல்லுங்க, ஸார்" என்றேன். அவர் பத்து என்று போட்டிருந்ததைக் காட்டினார். கூழ் போட்டோம், கரைத்தோம், ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்து அவரைப் பார்க்கச் சொன்னோம்.

நெடுநேரம் பார்த்தார். "எனக்கு ஒன்னும் தெரியலையே?" என்றார்.

"அதைக் காட்டத்தான் உங்களைக் கூப்பிட்டோம்" என்றார் கோஷால் ஸார்.

அந்த வருஷப் பூஜையில் எங்கள் ஆறு ஆபரேட்டர்களும் வேலையோடு இருந்தார்கள். பெரிய ஆலைக்கு உத்தரவு வந்தது. கையேடு எழுதும்போது வடிகால் சிமெண்டைப் பற்றிய அந்த வரியை நான்தான் சேர்த்தேன்.

காப்புரிமைக்கு விண்ணப்பம் எழுதியபோது ஒரு சின்னத் தகராறு. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் கோஷால் ஸார் மூன்று பெயர் போட்டார்: என் பெயர் முதலில், மரியதாஸ் இரண்டாவது, தன் பெயர் கடைசியில். சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, ஆபரேட்டர் பெயரைப் போடுவது வழக்கமில்லை, அவருக்கு என்ன படிப்பு என்று எழுதுவது என்று கேட்டார். "படிப்பை எழுதச் சொல்லி இதுல எந்தக் கட்டமும் இல்லையே. கண்டுபிடிச்சாரா இல்லையாங்கிறதுதான் கேள்வி. மூணு பேரும் இல்லைன்னா என் கையெழுத்தும் இல்லை" என்றார் கோஷால் ஸார். வந்தவர் மூன்று பெயரையும் எழுதிக்கொண்டு போனார்.

சில வருஷம் கழித்துச் சான்றிதழின் நகல் வந்தது. கோஷால் ஸார் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். அவருக்கு ஒன்றைத் தபாலில் அனுப்பினேன். மரியதாஸின் நகலை நானே அவர் கையில் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்த அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என் பேரு எங்கக்கா?"

காட்டினேன். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "நான் போயிச் சொன்னா வீட்ல நம்ப மாட்டா. நீங்க ஒரு நடை வந்து படிச்சுக் காட்டுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியிருப்பார்கள் என்று கணக்குப் பண்ணிப் போனேன். கிடர்பூரில் ஒரு குறுகலான சந்து, இரண்டாம் மாடி. அவர் மனைவி அமலி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் சான்றிதழை விரித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கரைப்பான் என்ன, அது எப்படிக் கெட்டது, கண்டுபிடித்தவர்கள் மூன்று பேர், இரண்டாவது பெயர் மரியதாஸ். கடைசியில், "படிச்சவங்க இத்தன பேரு இருந்தும் எங்களுக்குத் தெரியலம்மா. இவருதான் வாடைய வச்சுக் கண்டுபிடிச்சாரு" என்றேன்.

அமலி என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"வாடைய வச்சா? இவரா?" என்றார். "அக்கா, நீங்க தப்பா நெனைக்காதீங்க. போன வாரம் மீன் கொழம்பு ஊசிப்போயி, நான் கொட்டலாம்னு எடுத்து வச்சிருந்தேன். இந்த மனுஷன் சோத்துல ஊத்தி ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டு நல்லாருக்குன்னு சொன்னாரு."

மரியதாஸ் சான்றிதழை என்னிடமிருந்து மெதுவாக வாங்கி மடித்தார்.

"அங்க நான் டியூட்டில இருந்தேன்" என்றார்.